தவராசா அண்ணையின் இடப்பக்கம்

கொழும்பில் நான் முதலில் செய்த காரியம், வெள்ளவத்தையில் காலி வீதியைக் காரணமே இல்லாமல் நான்கு முறை கடந்ததுதான்.

முதல் முறைக்குக் காரணம் இருந்தது. தோழி கௌரியின் கண்ணாடிக் கடை அந்தப் பக்கம். பாதசாரிகள் கடக்கும் கோட்டில் கால் வைத்ததும் ஒரு கார் நின்றது. அதன் பக்கத்தில் ஒரு ஓட்டோ நின்றது. பின்னால் வந்த சிவப்புப் பஸ்ஸும் நின்றது. யாரோ அமைச்சர் வருகிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். கீரைக்கட்டோடு ஒருவர் வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேருக்காகத்தான் அத்தனை வண்டியும் நின்றிருந்தன. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பி வந்தேன். மறுபடி போனேன். நான்காம் முறை கடந்தபோது போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அதற்குள் கடையிலிருந்து கௌரி ஓடி வந்துவிட்டாள்.

"உனக்கு எந்தப் பக்கம் போகவேணும் எண்டு ஒரு முடிவுக்கு வரச் சொல்லுறார்" என்று மொழிபெயர்த்தாள்.

கௌரியும் நானும் மதுரையில் ஒன்றாகக் கண் பரிசோதனைப் படிப்புப் படித்தவர்கள். அவள் கொழும்புக்குத் திரும்பிக் கடை வைத்தாள். நான் இராமநாதபுரம் பக்கம் எங்கள் சிறு டவுனுக்கே போய்விட்டேன். அங்கே எனக்குக் கண்ணாடிக்கார அம்மா என்று பெயர். கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும் நேரத்தில் மாடு, ஆடு, சைக்கிள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் எல்லாம் அந்தச் சாலையில்தான் இருக்கும். மோதிய வண்டிகளையும் மோதப்பட்டவர்களையும் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், ஊரில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். மினி பஸ் ஓட்டுநர்களுக்குக் கண் பார்ப்பது என் பங்கு. "இஞ்ச நாங்கள் மன்னார்ப் பக்கம் போற பஸ் றைவர்மாருக்கு முகாம் வைக்கிறம், வந்து கை குடு. போற வழியில எங்கட ஆக்கள் எப்பிடி வாகனம் ஓடுகினம் எண்டும் பாத்திட்டுப் போ" என்று கௌரி கூப்பிட்டாள். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் பக்கத்தில் எழுதினேன்: கோட்டில் கால் வைத்தால் நிற்கிறார்கள். இப்போது பல இடங்களில் வெள்ளைப் பெயின்ட்தான், ஆனாலும் இங்கே வாயில் வருவது மஞ்சள் கோடு. இரண்டாவது வரி: மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்கும் அம்மாவும் ஹெல்மெட் போட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து வரும், தலைக்கு மட்டும் இடம் கிடைக்காது.

அன்றிரவு ஹெவ்லொக் டவுனில் கௌரி வீட்டில் இடியப்பமும் பால் சொதியும். எங்கள் பக்கம் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் குழந்தைச் சாப்பாடு ஆக்கிவிடுவோம். இங்கே சொதியில் பச்சை மிளகாய் மிதக்கிறது, பக்கத்தில் சிவப்பாகச் சம்பல் மிரட்டுகிறது. பதினாறு வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும். அங்கிருந்துதான் மன்னார் பஸ் புறப்படும். கௌரி வெள்ளவத்தையில் ரயில் ஏற்றிவிட்டு, "கோட்டையில இறங்கு" என்றாள். ரயில் கடலை ஒட்டியே போகிறது. அலை தெறித்து வாசற்படியில் நின்ற என் புடவையை நனைத்தது. நான் கடலைப் பார்த்த மயக்கத்தில் ஒரு நிலையம் முன்னதாகவே இறங்கிவிட்டேன். வெளியே நின்ற ஓட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"கோட்டை அடுத்த ஸ்டேஷன். நிறையப் பேர் இப்படித்தான் இறங்குவாங்க. எனக்கு அதுதான் தொழிலே" என்றார். கொட்டாஞ்சேனை போய்ச் சேரும் வரை அவர் ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

பஸ் சிறியது, நீலம். ஓட்டுநர் தவராசா. ஐம்பத்தைந்து வயது இருக்கும், நரைத்த மீசை, நன்றாகத் தேய்த்த சட்டை. கொண்டக்டர் குணசீலன், அவருடைய மனைவியின் தம்பி. எல்லாரும் குணம் என்று கூப்பிட்டார்கள். குணத்துக்கு நாற்பதை எட்டும் வயது. நான் யார் என்று கௌரி முன்பே சொல்லியிருந்ததால் முன்சீட்டில் இடம் வைத்திருந்தார்கள்.

"தங்கச்சி, பயப்பிடாமல் இருங்கோ. நான் பறக்க மாட்டன்" என்றார் தவராசா அண்ணை. பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார்.

குணம் புறப்படுவதற்கு முன்பே எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்து முடித்திருந்தார். பஸ் நகர்ந்ததும் முன்வாசல் படியில், இடப்பக்கம், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேலியகொடை மீன் சந்தை வாசனை உள்ளே வந்த நேரத்தில் அவர் பேசத் தொடங்கினார். குரலை உயர்த்தவில்லை. பக்கத்து ஆளிடம் கதைப்பது போன்ற குரல்.

"சைக்கிள் ஒண்டு, நேராப் போறான். மீன் லொறி, நிக்குது. ஆள் இறங்குது, இறங்குது... சரி. கிளியர் அத்தான்."

"ம்" என்றார் தவராசா அண்ணை.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்துக் கொண்டக்டர்கள் இடப்பக்கத்தை எட்டிப் பார்ப்பது, வண்டி ஏற்கெனவே எதையாவது உரசிய பிறகுதான். இங்கே ஒரு மனிதர் சாலையின் இடப்பக்கம் முழுவதையும் வரிக்கு வரி வாசித்துக் கொடுத்துக்கொண்டே வருகிறார். நகரம் தீர்ந்து தென்னந்தோப்பு வந்தது, தென்னந்தோப்பு தீர்ந்து புத்தளம் வந்தது, அதற்கப்பால் காடும் வயலுமாக ஆனது. குணத்தின் குரல் நிற்கவில்லை.

"மாடு மூண்டு, கரையில. ஒண்டு ரோட்டப் பாக்குது, மெல்ல. நெல்லுக் காயப் போட்டிருக்கு, உள்ளுக்கு எடுங்கோ. பள்ளிக்கூடப் பிள்ளையள் நாலு. ஒண்டு ஓடும் போல. நில்லுங்கோ, நில்லுங்கோ. சரி, மற்றவள் பிடிச்சிட்டாள். கிளியர் அத்தான்."

என் பக்கத்தில் மன்னார் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தாதி ஒருத்தி இருந்தாள். என் வியப்பைப் பார்த்துவிட்டு, "இந்த பஸ்ஸில வாறன் எண்டா வீட்டில கவலைப்பட மாட்டினம். இந்த வண்டி இன்னும் ஒருத்தரையும் முட்டேல்லை" என்றாள்.

இரண்டு பக்கம் நிறைய எழுதினேன். இடப்பக்கத்தைச் சொல்லும் முறை, சொற்கள், எதற்கு "மெல்ல", எதற்கு "நில்லுங்கோ" எல்லாம். எங்கள் மினி பஸ்களில் இதை எப்படிக் கொண்டுவருவது, எந்த முதலாளியிடம் முதலில் பேசுவது என்றுகூட யோசித்துவிட்டேன். செலவே இல்லாத வழி. வாய் இருந்தால் போதும்.

வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினார்கள். பால் விடாத பிளேன் ரீ, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. இங்கே சீனியை நக்கிக்கொண்டு தேநீரைக் குடிக்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் உடனே பிடித்துவிட்டது. மீன் பணிஸ் என்கிற, மீன் வைத்த பன் ஒன்றும் சாப்பிட்டேன், பிறகு இன்னொன்றும் சாப்பிட்டேன். அப்போது பின்னால் ஒரு நெல் லொறி வந்து வழி கேட்டது. பஸ்ஸை இரண்டடி முன்னே நகர்த்தினால் போதும். தவராசா அண்ணை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். "குணம் வரட்டும்" என்றார். குணம் கை கழுவிக்கொண்டு ஓடி வந்து படியில் ஏறிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. அதையும் எழுதினேன்: இடப்பக்கம் சொல்கிறவர் இல்லாமல் ஓர் அடிகூட நகர்த்துவதில்லை. பக்கத்தில் இரண்டு கோடு போட்டேன்.

கண்ணைப் பார்த்துச் சோறு தின்கிறவள் நான். இருபத்தைந்து வருடம் அதுதான் வேலை. ஒரு நிறுத்தத்தில் நின்றபோது, குணம் பின்னால் ஒரு மூட்டையைத் தள்ளி வைக்கப் போன அந்த ஒரு நிமிடத்தில் தவராசா அண்ணை கழுத்தை முழுவதுமாக இடப்பக்கம் திருப்பி, திரும்பி, மறுபடி திருப்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். எவ்வளவு கவனமான மனிதர் என்று மெச்சிக்கொண்டேன்.

அன்றிரவு மன்னார்ப் பக்கம் ஒரு விடுதியில் தங்கி, புதன்கிழமை அதே பஸ்ஸில் திரும்பினேன். வியாழக்கிழமை அந்த வண்டிக்கு ஓய்வு நாள். அன்றைக்குத்தான் முகாம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு மண்டபம். மன்னார் பஸ் ஓட்டுகிறவர்கள், ஒருகொடவத்தையிலிருந்து கொள்கலன் லொறி ஓட்டுகிறவர்கள் என்று தமிழும் சிங்களமுமாக நாற்பது பேர் வந்திருந்தார்கள். இரண்டு மொழிக்காரர்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நான் எழுத்தில்லாத அட்டையைத்தான் எடுத்தேன். அதில் மூன்று கால் வைத்த ஒரே உருவம் வெவ்வேறு பக்கம் திரும்பி நிற்கும். கால்கள் மேலேயா, கீழேயா, வலமா, இடமா என்று சொன்னால் போதும்.

தொடங்குவதற்கு முன் கௌரி என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னாள். எனக்குச் சொல்லவா வேண்டும். மஞ்சள் கோட்டைப் புகழ்ந்தேன், ஹெல்மெட்டைப் புகழ்ந்தேன். பிறகு, இத்தனை வருடத்தில் நான் பார்த்த மிகப் பாதுகாப்பான பஸ் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லி, தவராசா அண்ணையையும் குணத்தையும் எழுந்து நிற்கச் சொன்னேன். இவர்கள் செய்வதை நீங்கள் எல்லாரும் செய்ய வேண்டும், நான் என் ஊரில் செய்யப் போகிறேன் என்றேன். சிலர் கை தட்டினார்கள். தவராசா அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குணம் தேநீர் கொண்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

தவராசா அண்ணையின் முறை வந்தது. இடது கண்ணை மறைத்துக்கொண்டு வலது கண்ணால் கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் சொன்னார். "கண்ணாடிக்கார அம்மாவுக்கு வேலை இல்லை" என்று நான் சிரித்தேன். வலது கண்ணை மறைக்கச் சொன்னேன். மறைத்தார். பெரிய உருவத்தைக் காட்டினேன்.

"மேல" என்றார், கொஞ்சம் தாமதித்து. சரி.

"வலப்பக்கம்." சரி.

"கீழ." அதுவும் சரி. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் எனக்குப் பின்னாலிருந்து ஏதோ கேட்டது. நான்காவதைக் காட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

"இடப்பக்கம், அத்தான்" என்றது அந்தக் குரல். பக்கத்து ஆளிடம் கதைப்பது போன்ற குரல்.

திரும்பிப் பார்த்தேன். குணம் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார். அவர் என்னை ஏமாற்ற நினைத்ததாகத் தோன்றவில்லை. அத்தானுக்கு இடப்பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். தான் சத்தமாகச் சொன்னதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன். அவர் போனதும் அட்டையில் இருப்பதிலேயே பெரிய உருவத்தை மறுபடி காட்டினேன். தவராசா அண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"தெரியேல்ல, தங்கச்சி" என்றார்.

எனக்கு வந்த கோபத்தையும் வெட்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பார்வை இல்லாத ஒரு கண்ணைச் சுற்றி இரண்டு மனிதர்கள் கட்டிய ஏற்பாட்டை, பஸ் ஓட்டும் முறை என்று நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். நாற்பது பேர் முன்னால் கை தட்ட வைத்திருக்கிறேன். முன்சீட்டில் உட்கார்ந்து சீனியை நக்கிக்கொண்டு போய் வந்திருக்கிறேன்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் அவர்களை உட்கார வைத்து, எவ்வளவு நாளாக என்று கேட்டேன்.

"போன பொங்கலுக்கு முன்னம் துவங்கினது" என்றார் தவராசா அண்ணை. "முதல் புகை மாதிரி. பிறகு அதுவும் இல்லை."

"ஒருநாள் கரையில சாத்தி வைச்சிருந்த சைக்கிளை உரசிப்போட்டார்" என்றார் குணம். "அதில ஆள் இல்லை அக்கா. இருந்திருந்தா... அந்த நாளில இருந்துதான் நான் சொல்லத் துவங்கினனான்."

"முதலாளிக்குத் தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது" என்றார் குணம். தன் அக்காவை, தவராசா அண்ணையின் மனைவியைச் சொன்னார்.

கௌரி அன்று மாலையே கடைக்கு வரும் கண் டொக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்தாள். டொக்டர் நீண்ட நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது. இடது கண்ணில் பார்வை இனி வராது. வலது கண்ணிலும் அது தொடங்கியிருக்கிறது. இன்றிலிருந்து ஒழுங்காக மருந்து விட்டால் அதைக் காப்பாற்றலாம். பஸ் ஓட்டக் கூடாது.

தவராசா அண்ணை எல்லாவற்றுக்கும் "ஓம் டொக்டர்" என்றார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "நாளைக்கு ஒரு நாள் தங்கச்சி. காலமை ஆறரைக்கு ஆக்கள் வந்து நிப்பினம். போயிட்டு வந்து நானே முதலாளிக்குச் சொல்லுறன்" என்றார்.

"முடியாது" என்றேன். மதுரையில் படித்த காலத்திலிருந்து கௌரிக்கு என் இந்தக் குரல் தெரியும். என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் நிறுத்தவில்லை. "அந்தத் தாதிப் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா அண்ணே? உங்க பஸ்ஸுன்னா வீட்டுல கவலைப்பட மாட்டாங்களாம். குணம் ஒரு தடவை தும்மினா என்ன ஆகும்?"

நான்கு பேரும் ஒரே ஓட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம்.

அவர்களுடையது இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. தவராசா அண்ணையின் மனைவி வசந்தி, புட்டு அவித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கணக்குப் பார்க்காமல் மாவைக் கூட்டிப் போட்டார். விஷயத்தைக் கௌரிதான் சொன்னாள். வசந்தி அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முதலில் கணவரைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரு வருசமா என்ர சோத்தைத் திண்டு கொண்டு எனக்கு இதைச் செய்திருக்கிறியள்" என்றார். "ஒரு பிள்ளைக்கு மேல ஏத்தியிருந்தா, நான் அந்தத் தாய்க்கு என்ன சொல்லியிருப்பன்?"

நான்தான் கேட்டேன், வேறொரு ஓட்டுநரை முதலாளி உடனே கண்டுபிடிக்க முடியுமா என்று.

"ஏன் வேற ஆள்?" என்றார் வசந்தி அக்கா. "இவனிட்ட லைசன் இருக்கு. பெரிய வாகனம் ஓட எடுத்து அஞ்சு வருசம்."

நான் குணத்தைப் பார்த்தேன். அவர் பர்ஸை எடுத்து, அதில் புத்தம் புதிதாக இருந்த அட்டையைக் காட்டினார். எடுத்த நாளிலிருந்து அந்தப் பஸ்ஸை ஓட்டியதில்லை. பஸ்ஸுக்கு ஓய்வான நாள்களில் முதலாளியின் லொறியை ஓட்டுவாராம்.

"லைசன் வச்சுக்கிட்டா படியில நின்னு கத்திக்கிட்டு வந்தீங்க?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"அத்தான் இருக்கேக்க நான் அந்தச் சீட்டில இருக்கிறதோ அக்கா?" என்றார் குணம். அதைவிடத் தெளிவான நியாயம் உலகத்தில் இல்லை என்பது போலச் சொன்னார். "என்னைத் தொழிலுக்குக் கொண்டு வந்தது அவர். எனக்கு ஓடப் பழக்கினது அவர். எழும்புங்கோ, நான் ஓடுறன் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

தவராசா அண்ணை மனைவியைப் பார்க்காமல் குணத்திடம் சொன்னார்: "நீ ஒருக்காலும் கேக்கேல்லையே, நான் ஓடட்டோ எண்டு."

"நீங்கள் ஒருக்காலும் சொல்லேல்லையே, ஓடு எண்டு."

ஒரு வருடம். அத்தனை மாடு, அத்தனை சைக்கிள், அத்தனை பிள்ளைகள். ஒருவர் கேட்கவில்லை, ஒருவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் இப்படித்தான். என் தம்பி என் கணவர் எதிரில் இன்றைக்கும் நாற்காலியில் சாய்ந்து உட்கார மாட்டான். அதை நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபத்துக்கு நடுவிலும் எனக்குக் குணத்தின்மேல் மரியாதை வந்தது. ஒரு வருடம், கொழும்பிலிருந்து மன்னார் வரைக்கும், மன்னாரிலிருந்து கொழும்பு வரைக்கும், ஒரு தடவைகூட அந்த மனிதர் கண்ணை எடுக்கவில்லை. செய்தது தப்பு. செய்த விதத்தில் ஒரு பிசகு இல்லை. புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். தவராசா அண்ணை சாப்பிடவில்லை. கிளம்பும்போது, "காலமை பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

இரவு குறிப்பேட்டைத் திறந்தேன். அந்த இரண்டு பக்கத்தையும் அடித்துவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். மனம் வரவில்லை. இடப்பக்கத்தைச் சொல்லும் முறை நல்ல முறைதான். அடியில் எழுதினேன்: முதலில் ஓட்டுநரின் இரண்டு கண்ணையும் பார். அட்டைக்குப் பக்கத்தில் யாரையும் நிற்க விடாதே.

வெள்ளிக்கிழமை எனக்கு ஊருக்கு விமானம். மன்னார் பஸ் விமான நிலையச் சந்தியைத் தாண்டித்தான் போகும். பெட்டியோடு விடிந்ததும் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டேன். கௌரியும் கூட வந்தாள். பஸ் முதலாளியின் நம்பர் அவள் போனில் இருந்தது. தவராசா அண்ணை அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் அவள் போன் செய்வாள், நான் பஸ்ஸுக்கு முன்னால் நிற்பேன். அதுதான் எங்கள் திட்டம்.

பஸ் நின்றிருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு முன்வரிசைக்கு வந்தாள். குணம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பிறகு தவராசா அண்ணை வந்தார். தேய்த்த சட்டை, கையில் சாவி. நேராகப் போய் ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

கௌரி போனை எடுத்தாள். நான் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு பஸ்ஸின் முன்னால் போனேன்.

அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். ஊதுபத்தி கொளுத்தினார். ஒரு துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தார், வலப்பக்கம் துடைத்தார், இடப்பக்கம் எட்டி நீண்ட நேரம் துடைத்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு இறங்கி, கதவை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குணம்" என்றார். "ஏறு."

குணம் அசையவில்லை. டிக்கெட் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் சொல்லுறன். ஓடு" என்றார் தவராசா அண்ணை. "ராத்திரியே முதலாளியோட கதைச்சிட்டன்." மைத்துனரின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

குணம் சீட்டில் ஏறினார். சாயாமல், நுனியில்தான் உட்கார்ந்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி முன்சீட்டில் ஏறினேன். கௌரி கீழே நின்று கண்ணைத் துடைத்தாள், நானும் துடைத்துக்கொண்டேன். தவராசா அண்ணை முன்வாசல் படியில் ஏறி, இடப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரைட்" என்றார்.

பஸ் நகர்ந்தது. தவராசா அண்ணை தலையை வெளியே நீட்டி, வலது கண் முன்னால் வரும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையைப் பார்த்தபடி வந்தார். "சைக்கிள் ஒண்டு" என்றார். "கண்டனான் அத்தான்" என்றார் குணம். "ஓட்டோ, வெளிய எடுக்கிறான்." "கண்டனான் அத்தான்." ஒவ்வொரு முறையும் குணத்தின் பதில் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தது.

பாலத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் கோடு. வெள்ளைச் சீருடையில் ஒரு சிறுமி, நின்றிருந்த வேனுக்கு முன்னாலிருந்து, இடப்பக்கமிருந்து, திடீரென்று கோட்டில் கால் வைத்தாள். தவராசா அண்ணை வாயைத் திறந்தார்.

அவர் சொல்வதற்குள் பஸ் நின்றுவிட்டிருந்தது.

சிறுமி எங்களைப் பார்க்கக்கூட இல்லை. பையைச் சரிசெய்துகொண்டு தன் பாட்டில் கடந்து போனாள். தவராசா அண்ணை அவள் அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை உள்ளே எடுத்து, கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு, படிக்குக் கீழே நிறுத்தத்தில் நின்றவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், மன்னார். வாங்கோ, ஏறுங்கோ. இடம் இருக்கு."